ஒண்ணும் பிரமாதமில்லை

நெல்லூரில் என் தங்கையின் புகுந்த வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது அவளுடைய மாமியார் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அன்பாகத்தான். ஆனால் நன்றாகவே வலித்தது.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சென்னையில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்துப் பழகிய இரண்டு பேர், இரண்டு வீட்டையும் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்துச் செய்துகொண்ட கல்யாணம். அதனால் இரண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தோம். பெண் வீட்டிலிருந்து முதல் ஆளாக நான் போகிறேன். தடா, சூலூர்பேட்டை, நாயுடுபேட்டை, கூடூர் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக எண்ணிக்கொண்டே போய் இறங்கினேன். மதியம் இலை போட்டுச் சேப்பல புலுசு பரிமாறினார்கள். மாங்காய் போட்டு, புளி தூக்கலாக, முந்தின நாளே செய்து ஊறவிட்ட மீன் குழம்பு. செய்த அன்றைக்குச் சாப்பிடுவதைவிட மறுநாள் சாப்பிட்டால்தான் அதற்கு ருசி என்பார்கள் நெல்லூர்க்காரர்கள். முதல் கவளத்திலேயே காரம் உச்சந்தலைக்கு ஏறியது. கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். ஆனால் ருசி என்றால் அப்படி ஒரு ருசி. வாய் நிறையச் சோற்றோடு, இடது கையால் தொண்டையைத் தடவிக்கொண்டே, எங்கள் ஊர் வழக்கப்படி மனதாரச் சொன்னேன்: "பிரமாதம்மா! பிரமாதம்!"

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே போட்டுவிட்டு, "முல்லு இருக்குந்தா நாயனா?" என்றார். முள் இருக்கிறதா என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்தேன். மீன் என்றால் முள் இல்லாமலா? தலையைப் பலமாக ஆட்டி, "இருக்கு, இருக்கு" என்றேன். அப்போது விழுந்ததுதான் அந்த அடி. அடித்த கையோடு வெறும் சோற்றை எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி என் வாயில் திணித்து, மெல்லாமல் விழுங்கு என்று சைகை காட்டினார். அதற்குள் மாமனார் வாழைப்பழத்தை உரித்தபடி ஓடி வந்துவிட்டார். ஒன்றும் புரியாமல், வந்த உருண்டைகளை எல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தேன். தங்கையும் மாப்பிள்ளையும் சமையலறை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

மாப்பிள்ளைதான் விளக்கினார். தெலுங்கில் ப்ரமாதம் என்றால் ஆபத்து. விபத்துக்கும் அதே சொல்தான். இருக்குந்தா என்றால் 'சிக்கிக்கொண்டதா' என்று அர்த்தம். ஆக, கண்ணீரும் மூக்குநீருமாகத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு 'ஆபத்தம்மா, ஆபத்து' என்று அலறியிருக்கிறேன். முள் சிக்கிவிட்டதா என்று கேட்டதற்கு ஆமாம் ஆமாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அந்த அம்மா என்ன செய்வார், பாவம். "அப்போ நல்லா இருக்குன்னு எப்படித்தான் சொல்றது?" என்று கேட்டேன். "பிரம்மாண்டம்னு சொல்லுங்க" என்றார். எங்கள் ஊரில் அது சினிமா செட்டுக்குச் சொல்கிற வார்த்தை. ஒரு சட்டி மீன் குழம்பைப் பார்த்துப் பிரம்மாண்டம் என்று சொல்ல எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

இந்தக் கதையை அடுத்த 5 வருஷம் போகிற இடமெல்லாம் சொன்னேன். சொன்னால் பதிலுக்கு யாராவது தன் பங்குக்கு ஒன்றை எடுத்துவிடுவார்கள். மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு, நமக்குப் பெண்டாட்டி. இந்தியில் சிக்ஷா என்றால் கல்வி, தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் அது தண்டனை. நாம் நல்லது சொல்லி உதவுவது ஆலோசனை, இந்திக்காரர்களுக்கு அது குற்றம் கண்டுபிடிப்பது. எல்லாம் சரிதான். ஆனால் இந்த ரகத் துணுக்குகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சிரித்து முடித்ததும் பேச்சு நின்றுவிடும். ஒரே சொல் எப்படி இங்கே ஒன்றாகவும் எல்லைக்கு அந்தப் பக்கம் நேர் எதிராகவும் ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை, அந்த போன் வரும்வரை.

விடிகாலை போன்

விடிய இன்னும் நேரம் இருந்தது. தங்கையின் மாமனார் பெயர் திரையில் மின்னியது. அவர் அதிகம் பேசாதவர். எனக்கு போன் செய்வது பொங்கலுக்கும் உகாதிக்கும் மட்டும்தான். வீட்டில் எல்லோரும் நல்ல சேதி ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்த காலம் அது. கல்யாணமாகி 5 வருஷம் என்றால் எந்தச் சேதி என்று சொல்ல வேண்டியதில்லை. போனை எடுத்தேன். "பாபு, சின்ன ப்ரமாதம்..." என்றார்.

"அப்படியா மாமா! சந்தோஷம்! ரொம்பச் சந்தோஷம்!" என்றேன்.

சந்தோஷம் என்ற சொல்லுக்குத் தெலுங்கிலும் அதே அர்த்தம்தான். அதில் ஒரு மாற்றமும் இல்லை. அவருக்குத் தெளிவாகப் புரிந்திருக்கும். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. மின்விசிறி சுற்றும் சத்தமோ என்னவோ, ஏதோ ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் மெதுவாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, "நீக்கு அர்த்தம் காலேது பாபு" என்றார். உனக்குப் புரியவில்லை என்கிறார். அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. உள்ளங்கை வேர்த்துவிட்டது.

முந்தின நாள் இரவு இரண்டு பேரும் பைக்கில் வரும்போது சாலையில் கொட்டிக் கிடந்த மணலில் வண்டி சறுக்கியிருக்கிறது. தங்கைக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு, நெற்றியில் தையல். மாப்பிள்ளைக்கு முழங்காலில் சிராய்ப்பு. இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் முடித்த விதம் எனக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "ப்ரமாதமேமீ லேது. கங்காரு படொத்து." கங்காரு என்றால் பதற்றம். வேறு நாளாக இருந்தால் அதை வைத்து இன்னொரு துணுக்கு தயார் செய்திருப்பேன்.

என்னை உறுத்தியது எது என்றால், தெரியாத வார்த்தையில் மாட்டிக்கொள்ளவில்லை என்பதுதான். 5 வருஷமாகக் கதையாகச் சொல்லிச் சிரித்த வார்த்தை. மேடையில் ஏற்றினால் அரை மணி நேரம் பேசுவேன். அப்படியும் தூக்கக் கலக்கத்தில் காது தமிழில்தான் கேட்டது. அடிபட்டுக் கிடக்கும் தங்கையைப் பற்றி அவளுடைய மாமனார் சொல்ல, நான் சந்தோஷம் என்று சொன்னேன். அவர் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தங்கை இத்தனை வருஷத்தில் என்னை ஓட்டித் தீர்த்திருப்பாள். இப்போது நானே எழுதிவிட்டேன், பரவாயில்லை.

அம்மா கேட்டது

வாடகை வண்டி பிடித்துக் கிளம்பினேன். தடா தாண்டியதும் சாலையோரப் பலகைகள் தெலுங்குக்கு மாறின. இந்தப் போக்குவரத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு அந்த எழுத்து பழகியிருந்தது. 'அதிவேகம் ப்ரமாதகரம்.' கொஞ்ச தூரத்தில் இன்னொன்று, அதே வாசகம். சாதாரண நாளில் அந்தப் பலகை, அதிவேகம் பிரமாதமாக இருக்கும் என்று சொல்வதுபோல எனக்குச் சிரிப்பு காட்டும். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் நம் பலகையில் இருப்பது 'விபத்துப் பகுதி'. அந்த விபத்தும் தெலுங்கில் உண்டு. ஆனால் அங்கே விபத்து என்றால் புயல், வெள்ளம் மாதிரி ஊரையே அடிக்கிற பேரிடர். இரண்டு பைக் மோதினால் நமக்கு விபத்து, அவர்களுக்கு ப்ரமாதம். ஒரே வீட்டுப் பாத்திரங்களை அண்ணன் தம்பிகள் பங்கு பிரித்துக்கொண்டு, ஒருவர் குடத்தில் தண்ணீரும் இன்னொருவர் அதே மாதிரிக் குடத்தில் அரிசியும் வைத்திருப்பது போலத்தான் இதுவும்.

நாயுடுபேட்டை அருகே வண்டி டீக்கு நின்றபோது அம்மா அழைத்தாள். அம்மாவுக்கு மூட்டுவலி, வண்டியில் உட்கார முடியாது, வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அவளுக்குத் தெலுங்கில் 'ரா', 'போ' தவிர ஒரு வார்த்தை தெரியாது. "பேசினியாடா? மாப்பிள்ளை என்ன சொன்னார்?" என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "தலையில பட்ட அடி ஒண்ணும் பிரமாதமா இல்லையே?"

"இல்லம்மா, ஒண்ணும் பிரமாதமில்ல" என்றேன். போனை வைத்துவிட்டு டீயைக் கையில் எடுத்தேன். குடிக்கவில்லை. நான் இப்போது சொன்னதும், காலையில் அந்த மனிதர் சொன்னதும் ஒரே வாக்கியம். ப்ரமாதமேமீ லேது. ஒண்ணும் பிரமாதமில்லை. சொல்லுக்குச் சொல் அப்படியே. அவர் ஆபத்து ஒன்றும் இல்லை என்றார். நானும் அதையேதான் சொன்னேன். என் அம்மா 'தலையில் பட்ட அடி அற்புதமாக இல்லையே' என்றா கேட்டாள்? பெரிதாக, கவலைப்படுகிற மாதிரி இல்லையே என்றுதான் கேட்டாள். நான் ஒரு யோசனையும் இல்லாமல் புரிந்துகொண்டேன், ஒரு யோசனையும் இல்லாமல் பதில் சொன்னேன். காலையில் தெலுங்கில் கேட்டுத் தடுக்கி விழுந்த அதே அர்த்தம், என் தாய்மொழிக்குள்ளேயே, நான் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த ஒரு வாக்கியத்தில் பத்திரமாக இருந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் விழுந்து முட்டி பேர்ந்தால், "இதென்ன பெரிய பிரமாதம், எழுந்திரு" என்பார் அப்பா. அங்கேயும் அதேதான்.

நெல்லூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து மாமியாரிடம் சொன்னதும் அதே வாக்கியம்தான். "ப்ராணானிகி ப்ரமாதமேமீ லேதம்மா." உயிருக்கு ஆபத்தில்லை. இந்தத் தடவை என் காது சரியாகக் கேட்டது. தங்கை கட்டுப் போட்ட கையோடு படுத்துக்கொண்டு, "எதுக்கு அண்ணா இவ்வளவு தூரம் ஓடி வந்தே, ஒண்ணும் பிரமாதமில்லயே" என்றாள். அவள் எந்த மொழியில் சொன்னாள் என்று இப்போதும் எனக்குத் திட்டமாகச் சொல்லத் தெரியவில்லை.

களிப்பில் வரும் மறதி

அப்புறம் பல மாதங்கள் இந்தச் சொல்லைத் துரத்திக்கொண்டிருந்தேன். மொழியியல் படித்தவன் இல்லை. அகராதி புரட்டுகிற பழக்கம் மட்டும் உண்டு. சொல்லின் மூலம் சமஸ்கிருதம். மத் என்ற வேர், அதன் முன்னால் ப்ர. மத் என்றால் களிப்பது, போதை ஏறுவது. யானைக்குப் பிடிக்கிற மதமும் உன்மத்தமும் அந்த வேரில் வந்தவைதான். போதையில் இருப்பவனுக்குக் கவனம் இருக்காது அல்லவா? அதனால் ப்ரமாதம் என்றால் கவனமின்மை, அசட்டை, கடமையை மறப்பது. தைத்திரீய உபநிடதத்தில் பாடம் முடித்துப் போகும் மாணவனிடம் ஆசிரியர் 'ஸத்யான்ன ப்ரமதிதவ்யம்' என்கிறார். சத்தியத்தில் அசட்டையாக இருந்துவிடாதே என்று. பதஞ்சலி யோக சூத்திரத்தில் மனத்துக்கு வரும் ஒன்பது இடையூறுகளில் ப்ரமாதமும் ஒன்று. இதில் பெரிய ஆள் புத்தர்தான். பாலியில் அது பமாதம். அதன் எதிர்ச்சொல் அப்பமாதம், அதாவது விழிப்பு. தம்மபதத்தில் இரண்டாவது அத்தியாயம் முழுக்க அதைப் பற்றித்தான். பமாதம் சாவுக்குப் போகும் வழி என்று அதில் வருகிறது. புத்தர் கடைசியாகச் சொன்னதாகப் பாலி நூல்கள் தரும் வாக்கியமும் 'அப்பமாதேன ஸம்பாதேத'தான். அசராமல் முயன்று முடியுங்கள் என்பது அதன் சாரம்.

அதாவது மரணப் படுக்கையில் புத்தர் பிரமாதம் வேண்டாம் என்றார். அதே சொல்லை வைத்து நாம் சபாவில் கச்சேரி கேட்டுவிட்டுத் தொடையைத் தட்டுகிறோம்.

இதைப் படித்தபோது எனக்குத் திருக்குறளின் 54ஆவது அதிகாரம் ஞாபகம் வந்தது. பொச்சாவாமை. பள்ளியில் அந்தச் சொல்லைக் கேட்டாலே வகுப்பில் சிரிப்பு வரும், அர்த்தம் யார் கவனித்தார்கள்? அதன் முதல் குறள்: 'இறந்த வெகுளியின் தீதே சிறந்த உவகை மகிழ்ச்சியிற் சோர்வு.' அளவு கடந்த கோபத்தைவிடக் கெட்டது, பெரும் சந்தோஷக் களிப்பில் வரும் மறதி என்கிறார். களிப்பில் தொடங்கிக் கவனக்குறைவில் முடிகிற அதே பாதை. மத் என்ற வேரிலிருந்து ப்ரமாதம் கிளைத்த கதையை ஒரு இலக்கண ஆசிரியர் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. வள்ளுவர் யாரைப் படித்தார், யார் வள்ளுவரைப் படித்தார்கள் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. பொச்சாப்பு என்ற நல்ல சொல்லை நாம் தொலைத்துவிட்டோமே என்பது மட்டும் வருத்தம்.

சரி, ஊர் ஊராக இந்தச் சொல் எப்படிப் போயிருக்கிறது என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. தாய்லாந்துக்காரர்கள் இதைப் ப்ரமாத் என்கிறார்கள். அங்கே அர்த்தம் கவனக்குறைவு. அஜாக்கிரதையாக வண்டி ஓட்டுவதற்கு அவர்கள் சொல்வது இந்தச் சொல்லை வைத்துத்தான். கன்னடத்தில் ப்ரமாத என்றால் பெரிய பிழை. வங்காளத்தில் அச்சுப்பிழைக்கு முத்ரண ப்ரமாதம் என்று பெயர். சிங்களத்தில் ப்ரமாதய என்றால் தாமதம். கவனமில்லாதவன் நேரத்துக்கு வரமாட்டான் என்ற கணக்காக இருக்கும். கொழும்பில் ரயிலுக்குக் காத்திருக்கும் தமிழர்கள் அந்தச் சொல்லைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்களே தவிரக் கைதட்ட மாட்டார்கள். மலையாளத்தில் பத்திரிகைக்காரர்கள் 'ப்ரமாதமாய கேஸ்' என்று எழுதுகிறார்கள். அப்படி என்றால் ஊரையே பேசவைத்த, பரபரப்பான வழக்கு.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒரு முழு விபத்தே கண்ணுக்குத் தெரிந்தது. தாய்லாந்துக்காரர் அஜாக்கிரதையாக ஓட்டுகிறார். கன்னடக்காரர் திருப்பத்தில் தப்புச் செய்கிறார். தெலுங்கில் வண்டி மோதிவிடுகிறது. மலையாளத்தில் அது பரபரப்பான வழக்காகிறது. சிங்களத்தில் தீர்ப்பு தாமதமாகிறது. வங்காளத்தில் தீர்ப்பை அச்சடிக்கும்போது எழுத்துப்பிழை வருகிறது. எல்லாம் முடிந்தபின் தமிழ்க்காரர் ஒருவர் ஓரமாக நின்று 'பிரமாதம்!' என்கிறார்.

மற்ற எல்லோரும் ஒரே கதைக்குள் இருக்க, நாம் மட்டும் எப்படிக் கதைக்கு வெளியே வந்தோம்? என் ஊகத்தைச் சொல்கிறேன். அதற்கு என் அம்மாவின் வாக்கியம்தான் சாட்சி. பழைய தமிழ் அகராதிகளில் பிரமாதத்துக்குத் தவறு, அசாக்கிரதை என்ற அர்த்தங்களும் இருக்கின்றன. ஆக நாமும் முதலில் மற்றவர்களோடுதான் இருந்திருக்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஆபத்தைப் பற்றி மனிதர்கள் வாய்விட்டுப் பேசுவது பெரும்பாலும் அது இல்லை என்று சொல்வதற்குத்தான். நல்ல சேதி சொல்ல வருகிறவர் 'பிரமாதம் ஒன்றும் இல்லை' என்கிறார். இதையே நூறு பேர், நூறு தரம், சின்னச் சின்ன விஷயங்களுக்கும் சொல்லச் சொல்ல, அதில் ஆபத்து தேய்ந்து 'பெரிது' மட்டும் நிற்கும். காய்ச்சல் ஒன்றும் பிரமாதமில்லை. செலவு ஒன்றும் பிரமாதமில்லை. அவன் வாங்கிய மார்க் ஒன்றும் பிரமாதமில்லை. இந்த மூன்றாவது வாக்கியத்தில்தான் சொல் தடம் மாறுகிறது. காய்ச்சல் பெரிதாக இல்லாவிட்டால் நல்லது. மார்க் பெரிதாக இல்லாவிட்டால் கெட்டது. அப்படியானால் மார்க் பெரிதாக இருந்தால்? அவ்வளவுதான், 'இல்லை'யைக் கழற்றிவிட்டுப் பிரமாதம் தனியாக வெளியே வந்து பாராட்டாகிவிட்டது. காதுக்குப் பக்கத்தில் ஒலிக்கும் பிரம்மாண்டமும் கொஞ்சம் கைகொடுத்திருக்கலாம். அது ஊகத்துக்கு மேல் ஊகம், விட்டுவிடுகிறேன். மலையாளத்தின் பரபரப்பான வழக்கு இந்த வழியில் பாதித் தூரத்தில் நிற்கிறது. கெட்டதும் இல்லை, நல்லதும் இல்லை, பெரிது, அவ்வளவே.

இப்படிச் சொன்னால், கடன் வாங்கிய சொல்லை நாம் கெடுத்துவிட்டோம் என்று ஒரு கட்சி கிளம்பும். ஒரு நண்பர் என்னிடம் அப்படித்தான் வாதாடினார். நல்ல தமிழில் பேசினால் இந்தக் குழப்பமே வராது, அமர்க்களம் என்று சொல்லிவிட்டுப் போயேன் என்றார். நல்ல ஆலோசனைதான், தமிழ் அர்த்தத்தில். ஆனால் அமர் என்றால் போர், களம் என்றால் களம். போர்க்களத்தின் பெயரைத்தான் நாம் கல்யாணச் சாப்பாட்டுக்கு வைத்திருக்கிறோம். அட்டகாசத்தை எடுத்துக்கொண்டால் இன்னும் மோசம். அது சமஸ்கிருதத்தில் உரத்த சிரிப்பு, தெலுங்கில் அட்டஹாசமாகக் கல்யாணம் நடந்தது என்றால் தடபுடலாக நடந்தது என்று அர்த்தம். நமக்கு? 'தோட்டத்தில் புகுந்து யானைகள் அட்டகாசம்' என்று பத்திரிகையில் படிக்கிறோம். அதே நாள் சாயங்காலம் பிரியாணி அட்டகாசம் என்கிறோம். இரண்டுக்கும் நடுவில் யாரும் குழம்பியதில்லை. யானை வாழைத்தோப்பை நாசம் செய்தது அருமையாக இருந்ததாம் என்று எந்த விவசாயியும் புரிந்துகொள்வதில்லை. பயங்கரமா பசிக்குது, பயங்கரமா பாடுறா என்கிறோம். மலையாளிகள் ஒரு படி மேலே போய் பயங்கர இஷ்டம் என்று காதலைச் சொல்கிறார்கள். என் அக்கா பையனுக்குப் படம் பிடித்தால் அது வெறித்தனம், மரண மாஸ். அவன் வாயில் பிரமாதம் வந்து நான் கேட்டதே இல்லை. அது தாத்தா காலத்து வார்த்தையாம். களிப்பும் வெறியும் மரணமும்தான் மறுபடி கிடைத்திருக்கின்றன, பெயர்தான் புதுசு.

இதையெல்லாம் ஒருநாள் நெல்லூரில் மாமனாரிடம் சொன்னேன், பாதித் தமிழ் பாதித் தெலுங்கில். அந்த விடிகாலையைப் பற்றிப் பேசாமல் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். புத்தர் வரைக்கும் போனேன். பெண்ணாற்றுப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தமிழில், நிதானமாகச் சொன்னார்: "அன்னிக்கு நீ சந்தோஷம்னு சொன்னே இல்லே? அப்பவே எனக்குத் தெரியும், உன் காதுல தமிழ்ல விழுந்திருக்குன்னு. ஆனா உடனே சொன்னா நீ வருத்தப்படுவே. எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுண்டு இருந்தேன்." இத்தனை வருஷமாக நான் அந்த மௌனத்தைக் கோபம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

போன சங்கராந்திக்கு மறுபடி போயிருந்தோம். தங்கையின் பெண்ணுக்கு இப்போது 6 வயது, என் பக்கத்தில் உட்கார்ந்து கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதே சேப்பல புலுசு, அதே காரம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றாகப் பழகிய தெலுங்கில், "பிரம்மாண்டம்மா" என்றேன். அந்த அம்மா உதட்டைப் பிதுக்கினார். "பிரமாதம்னு சொல்லு நாயனா. எனக்குத் தமிழ் வந்துடுச்சு" என்றார். சொன்னேன். சந்தோஷமாகச் சிரித்துவிட்டு உள்ளே போனவர், ஒரு கிண்ணத்தில் வெறும் சோற்று உருண்டை நாலும், தோல் உரித்த வாழைப்பழம் ஒன்றும் கொண்டுவந்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். எதுக்கும் இருக்கட்டும் என்றார்.